ரெண்டரை நூலும் எட்டு மில்லியும்

7 மே 1979, திங்கள்

தண்ணீர் ஐந்தேகாலுக்கு வந்து ஐந்தே முக்காலுக்கு நின்றது. இரண்டு பக்கெட், ஒரு அண்டா. கூலருக்கு மிச்சமில்லை. தண்ணீர் இல்லாத கூலர் வெளியே அடிக்கிற லூ என்கிற அனல் காற்றை அள்ளி முகத்தில் வீசும், அவ்வளவுதான். டில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் கட்டின இன்ஜினியரை ஒரு மே மாதம் இந்த மேல்மாடியில் குடிவைக்க வேண்டும்.

வாங்க வேண்டியவை: கூலருக்கு கஸ் தட்டி (வெட்டிவேர்) 2. பிளேடு. பார்வதிக்குத் தலைவலித் தைலம். மகளுக்கு கிராஃப் நோட்டு.

டிபார்ட்மென்ட் பட்டறையில் இன்று பதினோராவது மரை போயிற்று. புது லாரி, வாட்டர் பம்ப் ஹவுசிங். போல்ட்டைக் கழற்றினால் அலுமினிய மரை முழுக்கச் சுருளாக அதோடு கூடவே வந்துவிட்டது. "சூடி மர் கயீ, சாப்" என்று கொண்டுவந்து நீட்டினான் ஃபிட்டர் மாங்கே ராம். இவர்களுக்கு மரை என்றால் வளையல், அது செத்துப்போகும். கொல்கிறவன் இவன். பிழைக்க வைக்கிறவன் நான்.

செத்த மரைக்குள் வைக்கிற வெளிநாட்டுக் கம்பிச் சுருள் இருந்தால் இருபது நிமிஷ வேலை. இண்டென்ட் போட்டு இரண்டு வருஷம். எந்த மேஜையில் தூங்குகிறதோ. ஆகவே வழக்கம்போல ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, பெரிய மரை வெட்டி, லேத்தில் கடைந்த எஃகு புஷ்ஷைத் திருகி இறக்கி, அதற்குள்ளே பழைய அளவுக்குப் புது மரை. சுழலாமல் இருக்க விளிம்பில் மூன்று பஞ்ச். காலை முழுவதும் இதற்கே போயிற்று. கடைசியில் போல்ட் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. என் டப்பாவில் இருக்கிற என் சொந்த போல்ட். ஸ்டோர் போல்ட்டை என் வேலையில் நான் போடுவதில்லை.

ரிப்பேர் புத்தகத்தில் "காரணம்" என்ற இடத்தில் பதினோராவது முறையாக எழுதினேன்: அதிக இறுக்கம். பிப்ரவரியிலிருந்து எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. மா.ரா. என்கிற இந்த மாங்கே ராம் ஆறடி ஆள், ஊரில் குஸ்தி போட்ட உடம்பு. புது வண்டிகளின் என்ஜின் முன்பக்க வேலை முழுக்க அவன் கையில். "இது ஸ்பானர் பிடிக்கிற கையா, எருமையை மல்லாத்துகிற கை" என்று போன மாதம் நான் இந்தியில் சொன்னது பட்டறை முழுக்கப் பரவி, இப்போது டீக்கடைக்காரன்கூடச் சொல்கிறான். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் மொத்தப் பட்டறைக்கும் ஒன்று. அசிஸ்டன்ட் இன்ஜினியர் அலமாரியில் பூட்டியிருக்கிறது. வெளியே எடுத்தால் கெட்டுப்போய்விடுமாம்.

8 மே, செவ்வாய்

புழுதிக் காற்று. கண்ணெல்லாம் மண்.

நேற்று மாலை மீரட் ரோட்டில் நம் லாரி ஒன்று நின்றுவிட்டது. வாட்டர் பம்ப் போல்ட்கள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து, தண்ணீர் முழுக்கக் கொட்டி, என்ஜின் சூடேறி இறுகி, சீஸ். முன்சீட்டில் பெரிய அதிகாரி ஒருவர் இருந்திருக்கிறார். மூன்று மணி நேரம் கரும்புக் காட்டு ஓரமாக நின்றாராம். பின்னால் கூலியாட்கள் மட்டும் இருந்திருந்தால் இத்தனை ஃபோன் வந்திருக்காது.

அந்த பம்ப் மாட்டியது மா.ரா. பதினோரு மணிக்குள் அவனை ஸ்பானரைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டார்கள். கேட் பக்கம் டயர் அடுக்குகிற வேலை. வரும் புதன் 16ஆம் தேதி விசாரணை.

ஏ.இ. கூப்பிட்டார். ராமநாதன், அசிஸ்டன்ட் இன்ஜினியர், கும்பகோணம் பக்கம். தமிழில் பேசினால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

"சண்முகம், உங்க ரிப்பேர் புக்குதான் மெயின் எவிடென்ஸ். பதினோரு என்ட்ரி. எல்லாத்துலயும் ஓவர்டைட்டனிங்னு தெளிவா இருக்கு. அழகான கையெழுத்து உங்களுக்கு."

"ஆமா சார்."

"ஃபோர்மேன் லிஸ்ட் இந்த மாசமே வருது. உங்க பேரு முதல்ல இருக்குன்னு வச்சுக்குங்களேன்."

வைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷம் சார்ஜ்மேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மா.ரா. ஒன்பது வருஷமாக டெம்ப்ரரி. ஜூலையில் நிரந்தரம் ஆகவேண்டியவன். விசாரணையில் தப்பு நிரூபணம் ஆனால் ஒரு மாச நோட்டீஸ், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கேட்கச் சங்கடமாக இருந்தது. ஆனால் மரையைக் கொன்றது நானா?

9 மே, புதன்

மூக்கில் ரத்தம். உஷ்ணம். பார்வதி வெங்காயத்தை நறுக்கி முகரக் கொடுத்தாள்.

மத்தியானம் மா.ரா. என் பெஞ்சுக்கு வந்தான். டயர்க் கரி முகமெல்லாம். சாப், நான் வேணும்னு இறுக்கறதில்ல. அந்த போல்ட் மூணு சுத்து ஜோரா போகுது, அப்புறம் நின்னுடுது. கொஞ்சம் ஜோர் குடுத்தாத்தான் உள்ள போகுது. மார்ச்லயே உங்ககிட்ட சொன்னேனே.

சொன்னான்தான். ஆடத்தெரியாதவன் கூடத்தைக் குறை சொல்கிற கதையாக இருக்கிறது என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்று அனுப்பினேன். நினைவிருக்கிறது.

இன்றும் அனுப்பினேன். ஆனால் எரிச்சல். அவன் சொன்னது பொய் என்று காட்ட வேண்டும் என்று, திங்கட்கிழமை கழற்றிய போல்ட்டை ஸ்கிராப் டின்னிலிருந்து எடுத்து, ஒட்டியிருந்த அலுமினியத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மரை அளக்கிற கேஜை வைத்தேன். புது வண்டிக்கு உரிய எட்டு மில்லிக் கேஜ் உட்காரவில்லை. இரண்டு பல் பொருந்துகிறது, மூன்றாவது ஏறி நிற்கிறது. அழுக்கு என்று நினைத்து மறுபடி தேய்த்தேன். உட்காரவில்லை. சும்மா, அங்குலத்துக்குப் பதினெட்டுப் பல் உள்ள கேஜை எடுத்து வைத்தேன்.

தலையில் சீப்பு மாதிரி உட்கார்ந்தது.

அது எட்டு மில்லி போல்ட்டே இல்லை. ரெண்டரை நூல். இங்கே டாயீ சூத் என்பார்கள். ஒரு நூல் எட்டில் ஒரு அங்குலம், ஆகப் பதினாறில் ஐந்து அங்குலம், பழைய வண்டிகளுக்கு உள்ளது. பார்வைக்கு இரண்டும் ஒன்று. தடிமனில் ஒரு முடி அளவு வித்தியாசம். தலைக்குப் பதின்மூன்று ஸ்பானர் இரண்டுக்கும் பிடிக்கும். மரையின் அடி, அதாவது பல் இடைவெளி, மட்டும் வேறு. மூன்று சுற்று ஒன்றாக நடக்கும், அப்புறம் கால் பின்னிக்கொள்ளும். இரும்பு ஓட்டை என்றால் போல்ட் நின்றுவிடும். அலுமினியம் விட்டுக்கொடுத்துவிடும்.

ஸ்கிராப் டின்னில் மொத்தம் ஒன்பது போல்ட் கிடைத்தது. ஒன்பதும் பதினெட்டு.

என் டப்பா போல்ட்டையே போட்டுக்கொண்டிருந்ததால் எனக்கு ஒருநாளும் தெரியவில்லை. மாங்கே ராமின் கைக்குத் தெரிந்திருக்கிறது. அவன் வந்து சொல்லியும் இருக்கிறான்.

10 மே, வியாழன்

பஸ்ஸில் நின்றே போனேன். இறங்கும்போது செருப்பு வார் அறுந்தது. நாள் எப்படி இருக்கப் போகிறது என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்டோர். ஸ்டோர்கீப்பர் பட்நாகர் தர்பூஸ் தின்றுகொண்டிருந்தார். ஒரு துண்டு நீட்டினார். வேண்டாம் என்றேன். எட்டு மில்லி போல்ட் பெட்டி எங்கே என்று கேட்டேன். காலாலேயே காட்டினார்.

கையை விட்டுத் துழாவினேன். மேலே, நடுவே, அடியில், எல்லாம் ரெண்டரை நூல். தேடிப் பிடித்தால் நாலு எட்டு மில்லி. புதிதாக வாங்கிய எட்டு மில்லி மேலே கிடந்திருக்கும், அது ஜனவரியோடு தீர்ந்திருக்கும். அடியில் கிடந்த பழைய சரக்கு மேலே வந்திருக்கிறது. பிப்ரவரியில் முதல் மரை.

எந்த முட்டாள் இரண்டையும் ஒன்றாகக் கொட்டினான் என்று கேட்டேன். இந்தியில் நல்ல கெட்ட வார்த்தை ஒன்றும் சேர்த்து.

பட்நாகர் விதையைத் துப்பிவிட்டு, பெட்டியில் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டினார். "ஆப் ஹீ கா ஹாத் ஹை, சண்முக்ஜி."

என் கைதான். இரண்டு சுழியை ஒன்றன்மேல் ஒன்று வைத்தது போல் நான் போடுகிற எட்டு. மூன்று வருஷத்து மை.

நினைவுக்கு வந்துவிட்டது. எல்லாம். ஸ்டோர் கணக்கில் அங்குலம் என்ற சொல்லே இருக்கக் கூடாது, மார்ச் முடிவுக்குள் எல்லாவற்றையும் மெட்ரிக்கில் காட்ட வேண்டும் என்று ஒரு சர்க்குலர். பொருளை மாற்றச் சொல்லவில்லை, காட்டச் சொன்னார்கள். அப்போது ஸ்டோர் பொறுப்பும் ராமநாதனிடம். கணக்கும் வரும், இங்கிலீஷ் கையெழுத்தும் நன்றாக இருக்கும் என்று என்னை இரண்டு மாதம் அங்கே உட்கார வைத்தார். ஃபேனுக்கு அடியில் மேஜை. சந்தோஷமாகப் போனேன். ஐந்தைப் பதினாறால் வகுத்து இருபத்தைந்து புள்ளி நாலால் பெருக்கினால் ஏழு புள்ளி ஒன்பது நாலு. எட்டு என்று போட்டேன். ஏற்கெனவே எட்டு மில்லி பெட்டி ஒன்று இருந்தது. இரண்டு அட்டை எதற்கு என்று ஒன்றாக்கினேன். ஒரு ரேக் காலியாயிற்று. கெடுவுக்கு நாலு நாள் முன்னதாக முடித்தோம். ராமநாதனுக்குப் பாராட்டுக் கடிதம். எங்களுக்கு சமோசா.

கிளார்க் செய்திருந்தால் மன்னிக்கலாம். அவனுக்கு போல்ட் என்றால் ஒரு எண். மரை என் தொழில். மரையைப் பார்க்காமல் போல்ட்டைக் கணக்கில் சேர்த்த ஒரே மரைக்காரன் இந்த டில்லியில் நானாகத்தான் இருப்பேன்.

மாங்கே ராம் பதினொன்றைக் கொல்லவில்லை. நான் கொன்றேன். கொன்றுவிட்டு, நானே பிழைக்க வைத்து, புத்தகத்தில் அவன் பேரில் எழுதியும் வைத்தேன்.

11 மே, வெள்ளி

லஞ்ச் நேரத்தில் ஒரு மெமோ எழுதினேன். ஒன்றரைப் பக்கம். இரண்டு தடவை கிழித்து மூன்றாவது தடவை சரியாக வந்தது. "எனது கணக்கீட்டுப் பிழையால்" என்ற இடத்தில் பேனா நின்று நின்று போயிற்று. விசாரணைக்கு இன்னும் ஐந்து நாள். நேரம் இருக்கிறது.

மாலை பார்வதியோடு மலை மந்திர் முருகன் கோயில். படியெல்லாம் சூடு, உள்ளங்கால் பொரிந்தது. அர்ச்சனை என் பேருக்குத்தான், ஃபோர்மேன் ஆவதற்கு. அவளாகவே வேண்டிக்கொண்டது.

திரும்பி நடக்கும்போது, வேறு டிபார்ட்மென்டில் யாருக்கோ நடந்தது போலச் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தர் கணக்கில் செய்த தப்பால் ஒரு ஃபிட்டருக்கு வேலை போகப் போகிறது, அந்த ஆளுக்கு விஷயம் தெரியும், இன்னும் வாயைத் திறக்கவில்லை என்று.

அவள் நின்றுவிட்டாள். "தெரிஞ்சும் சொல்லாம இருக்காராங்கும்?"

"சொல்லணும்னுதான் இருக்கார் போல."

"இருக்காராம்லா! ஒரு குடும்பம் தெருவுக்கு வரப் போகுது, இவரு நாளு பாத்துக்கிட்டு இருக்காராக்கும். அந்த மனுசனுக்கெல்லாம் சோறு எப்படித்தான் எறங்குதோ?"

ராத்திரி கத்தரிக்காய் புளிக்குழம்பு. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

12 மே, இரண்டாம் சனி, விடுமுறை

மெமோவை எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்கு ஏ.இ. வீடு. பெரிய குவார்ட்டர்ஸ், முன்னால் புல்தரை. அந்தப் புல்லுக்குத் தண்ணீர் வருகிறது. கரன்ட் இல்லை. உட்காரச் சொன்னார். அம்மாள் ரோஜா சர்பத் கொடுத்தார்கள்.

மெமோவை முழுக்க வாசித்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. வாசித்து முடித்ததும் அதையே மடித்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தார். நான் பேசப் பேச விசிறிக்கொண்டே இருந்தார்.

"சண்முகம், அந்த லெட்ஜர்ல உங்க கையெழுத்துக்குக் கீழ யார் கையெழுத்து?"

"உங்களுது சார்."

"அதுக்குக் கீழ?"

தெரியவில்லை.

"இப்ப மீரட் ரோட்ல நின்னாரே, அவரோடது. மூணு வருஷம் முன்னாடி அவர்தான் ஹெட் ஆபீஸ்ல மெட்ரிக் செக்‌ஷன்." கொஞ்ச நேரம் விசிறினார். "ஆடிட்காரன் வந்தா ஒரு பெட்டியோட நிப்பானா? நீங்க மொத்தம் எத்தனை பெட்டி மாத்தினீங்க?"

எல்லாவற்றையும்தான். இரண்டு மாதமும் அதுதானே வேலை. எட்டு மில்லி இப்போது தெரிந்தது. தெரியாதது எத்தனையோ.

"அவன் டெம்ப்ரரி. கை பலம் இருக்கு. காஷ்மீரி கேட்ல எந்த கராஜ்லயும் நாளைக்கே வேலை கிடைக்கும். உங்களுக்குக் கிடைக்குமா இந்த வயசுல? உங்க பொண்ணு காலேஜ் போகணும். குவார்ட்டர்ஸ் போயிடும். யோசிங்க. நான் உங்களை வற்புறுத்தல."

வற்புறுத்தவில்லைதான். வற்புறுத்தியிருந்தால் மேஜையைத் தட்டிவிட்டு வந்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

எழுந்தபோது மெமோவைத் திருப்பி நீட்டினார். "இதை நான் பாக்கல. நீங்களும் கொண்டுவரல." வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "வரேன் சார்" என்றும் சொன்னேன். சர்பத் நன்றாக இருந்தது என்று அந்த அம்மாளிடமும் சொன்னேன். இந்த வாயை என்ன செய்வது.

13 மே, ஞாயிறு

பால் பூத்தில் நீண்ட வரிசை. பால் தீர்ந்தது. கஸ் தட்டி மாட்டினேன், ஆணி அடிக்கும்போது கட்டைவிரலில் ஒரு போடு. செருப்புத் தைத்தாயிற்று. மகள் வீட்டுக்குள் இந்திப் பாட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டிருந்தாள். கத்தினேன். "அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று அம்மாவிடம் இந்தியில் கேட்டாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டக்கூட வராது. ஆகவே இந்த நோட்டுப் பத்திரம். பார்வதிக்குத்தான் படிக்க வரும். அவளும் இது இருக்கிற என் டூல் பெட்டியைத் தொடமாட்டாள்.

மெமோ இன்னும் பையில். வியர்வையில் ஊறி மை பரவிவிட்டது.

14 மே, திங்கள்

ஒரு காரியமாவது செய்வோம் என்று சீக்கிரமே போனேன். பட்நாகர் வருவதற்கு முன்னால் ஸ்டோர் காவலாளியிடம் சாவி வாங்கி, ஆறு பெட்டிகளைத் தரையில் கொட்டி, கேஜ் வைத்து வைத்துப் பிரித்தேன். அங்குலம் தனி, மில்லி தனி. எட்டு மில்லி பெட்டியில் என் டப்பாவில் இருந்த போல்ட்களையும் கொட்டி நிரப்பினேன். புது அட்டை எழுதித் தொங்கவிட்டேன். கை எல்லாம் எண்ணெய்ப்பசை. ஒன்பதரைக்கு முடிந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியாது.

இனி மரை போகாது. யாருக்கும் போகாது. அந்த அளவுக்காவது நிம்மதி.

15 மே, செவ்வாய்

நிம்மதி ஒருநாள்கூட நிற்கவில்லை.

நேற்றும் இன்றும் மூன்று புது வண்டிக்கு பம்ப் மாட்டினார்கள், மா.ரா.வின் இடத்துக்கு வந்த ஆள். மூன்றும் சுத்தமாக இறங்கியது. டீ நேரத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பாத்தியா, அந்த எருமைக் கை போனதும் சூடி சாகறது நின்னுடுச்சு. கேட் பக்கம் டயரில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த மா.ரா.வுக்கும் கேட்டது. தன் கையை விரித்துப் பார்த்தான். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

இதை நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. பெட்டியை அப்படியே விட்டிருந்தால் புது ஆளும் இரண்டு மரையைக் கொன்றிருப்பான், எவனாவது போல்ட்டைச் சந்தேகப்பட்டிருப்பான். ரகசியமாக நல்லது செய்யப் போய், அவனுக்குக் கிடைக்கக்கூடிய கடைசிச் சந்தேகத்தின் பலனையும் துடைத்துவிட்டேன்.

நாளை விசாரணை. வாயைத் திறந்து சொல்லிவிடலாம். மெமோ எதற்கு? வாய் போதும்.

16 மே, புதன்

பத்தரை மணி. கான்பரன்ஸ் ரூம். ஹெட் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி, பஞ்சாபி, நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். அவர் பக்கத்தில் ஏ.இ. மேஜைமேல் என் புத்தகம். மா.ரா. இஸ்திரி போட்ட சட்டை, காலர் பித்தான் வரை மாட்டியிருந்தான்.

இந்த என்ட்ரி எல்லாம் உங்களுடையதா? ஆமாம்.

எத்தனை வருஷ அனுபவம்? சொன்னேன்.

எட்டாம் தேதிக்குப் பிறகு ஏதாவது மரை போயிருக்கிறதா? இல்லை.

இவரை வேலையிலிருந்து எடுத்தது எந்தத் தேதி? எட்டு.

அவர் எழுதிக்கொண்டார்.

மா.ரா.வுக்குச் சொல்ல எதுவும் உண்டா என்று கேட்டார். அவன் எழுந்து, என்னிடம் சொன்னதையே சொன்னான். போல்ட் மூன்று சுற்றுக்கு மேல் போகாது, ஜோர் கொடுத்தால்தான் போகும். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இது முக்கியமான விஷயம், சண்முகம், டெக்னிக்கலாக இப்படி ஆக முடியுமா?

அவராகவே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் ஒரு எட்டு எடுத்து வைத்தால் போதும். ஏ.இ. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டையில் அழுக்கு இருந்தால் ஆகலாம், சார். மாட்டுவதற்கு முன் சுத்தம் செய்யவேண்டியது ஃபிட்டர் பொறுப்பு."

நான்தான் சொன்னேன். என் குரல்தான். நல்ல இங்கிலீஷில், தடுக்காமல்.

ஏ.இ. அதை இந்தியில் மா.ரா.வுக்கு எடுத்துச் சொன்னார். அவன் என்னைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். புரியாதது புரிந்தவன் மாதிரித் தலையை ஆட்டினான். சண்முக்ஜி சொன்னா சரியாத்தான் இருக்கும், நான் சுத்தம் பண்ணாம விட்டிருப்பேன், என்றான். உட்கார்ந்தான்.

பதினைந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. பிஸ்கட் வந்தது.

17 மே, வியாழன்

லீவு. வயிற்றுப்போக்கு என்று எழுதிக் கொடுத்தேன். பார்வதி கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சினாள். பொய்க்குக் கஞ்சி குடித்தேன்.

18 மே, வெள்ளி

கொஞ்சம் தூறல். மண் வாசனை வந்ததோடு சரி.

இரண்டு ஆர்டரும் ஒரே உறையில் வந்தது. ஒன்று மா.ரா.வுக்கு, ஒரு மாச நோட்டீஸ். இன்னொன்று எனக்கு, ஃபோர்மேன், உடனடியாக. நோட்டீஸ் போர்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் குத்தியிருந்தான் பியூன். எல்லோரும் வந்து கை கொடுத்தார்கள். மிட்டாய் எங்கே, மிட்டாய் எங்கே. வாங்கிக் கொடுத்தேன், பர்ஃபி. பட்நாகர் இரண்டு எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்கச் சிரிப்பார்.

பார்வதிக்குச் சந்தோஷம். நேர்த்திக்கடன் பாக்கி வைக்காமல் நாளைக்கே முருகனுக்குப் பால் அபிஷேகத்துக்குச் சொல்லிவிட்டாள்.

20 மே, ஞாயிறு

மத்தியானம் ஒரு மணி. நல்ல வெயில். கதவைத் தட்டுகிற சத்தம். மாங்கே ராம். சைக்கிளைக் கீழே வைத்துவிட்டு மூன்று மாடி ஏறி வந்திருந்தான். வீட்டு வாசலில் அவனைப் பார்த்ததும் அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்காரப் போனான். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். காஷ்மீரி கேட்டில் ஒரு கராஜ்காரர் பழைய இடத்திலிருந்து ஒரு காகிதம் கேட்கிறாராம். ஃபோர்மேன் கையெழுத்து இருந்தால் போதுமாம். "நீங்க இப்ப ஃபோர்மேன். முபாரக் ஹோ, சாப்." மனதார வாழ்த்தினான்.

தாள் எடுத்து எழுதினேன். இங்கிலீஷில். இவர் எங்களிடம் ஒன்பது வருஷம் வேலை பார்த்தார். கை நிதானமான தொழிலாளி. போல்ட்டில் இருந்த குறையை முதலில் கண்டு சொன்னவர். மரைகள் கெட்டதற்கு இவர் பொறுப்பல்ல.

நிற்காமல் எழுதினேன். அந்த அறையில் வராதது இந்த அறையில் வந்தது.

படித்துக் காட்டுங்கள் என்றான். இந்தியில் சொன்னேன், ஒரு வரி விடாமல். கேட்டுக்கொண்டே இருந்தவன் கடைசி வரிக்கு வந்ததும் கையை நீட்டித் தடுத்தான்.

"ஜூட் மத் லிக்கோ, சாப்." எனக்காகப் பொய் எழுதாதீங்க. நாளைக்கு அங்கேயும் என் கையால ஒரு சூடி போச்சுன்னா, யாருடா இவனுக்கு எழுதிக் குடுத்ததுன்னு கேப்பாங்க. உங்க பேரு கெட்டுடும். ஒன்பது வருஷம்னு மட்டும் எழுதுங்க, அது போதும்.

பொய் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பார்வதி மோர் கொண்டுவந்து அவனிடம் கொடுத்துவிட்டு, என் பக்கத்தில் நின்றாள்.

வேறு தாள் எடுத்தேன். ஒன்பது வருஷம் வேலை பார்த்தார் என்று மட்டும் எழுதினேன். கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே ஃபோர்மேன் என்று எழுதினேன். முதல் தடவை எழுதுகிறேன். அவன் அதை வாங்கி நெற்றியில் தொட்டுச் சட்டைப் பையில் வைத்தான்.